ஏரிக்கரையில் கேட்ட மைனா

விடிந்த பிறகும் பனி விலக மனமில்லாமல் மரங்களைக் கட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு காட்டில், ஓர் ஏரி இருந்தது. காலையில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. விலங்குகள் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பது போலவே நடக்கும்.

அந்தப் பனியில் யாரும் வழி தவறக்கூடாது என்று சிங்கராஜா ஓர் ஏற்பாடு செய்தார். ஏரிக்கரை நாவல் மரத்தில் உட்கார்ந்து குயில் பாட வேண்டும். பாட்டு வரும் திசையில் நடந்தால் ஏரி வந்துவிடும். குயிலும் மனம் உருகிப் பாடியது. அதைக் கேட்டால் கால்கள் தாமாகவே நடக்கும்.

சில நாள் கழித்து, "இந்த ஏற்பாட்டால் பலன் உண்டா? விசாரித்து வா" என்று ராஜா மைனாவை அனுப்பினார்.

மைனா பொய் பேசாது. ஆனால் இறக்கை நோகப் பறப்பது மட்டும் அதற்குப் பிடிக்காது. குயிலுக்குப் பக்கத்துக் கிளையிலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடிக்க வந்தவர்களிடம், "பாட்டு நன்றாக இருந்ததா? பத்திரமாக வந்தீர்களா?" என்று கேட்டது.

"தேன்தான்" என்றது கரடி. தேனைப் பற்றிக் கரடி சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

"வந்துவிட்டேனே" என்றது யானை.

மைனா அன்று காலையே சபைக்கு வந்தது. "ராஜா, நான் கேட்டவர்களில் ஒருவர் விடாமல் எல்லோரும் பத்திரமாக வந்திருக்கிறார்கள்."

சிங்கராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படியானால் ஏரிக்கு நாம் பழகிய அந்தச் சுற்றுவழிப் பாறைத்தடம் எதற்கு? நாளை முதல் முள்ளைப் போட்டு அடைத்துவிடுங்கள். எல்லோரும் பாட்டைப் பிடித்தே வரட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மான் மட்டும் ஆட்டவில்லை. நாளைக்குத்தான் அதன் குட்டி முதல்முறையாக ஏரிக்கு நடக்கப் போகிறது.

"மைனா அக்கா, எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்?"

"ஏரிக்கரையில்தான்."

"கரைக்கு வராதவர்களைக் கேட்டீர்களா?"

மைனா சிரித்தது. "வராதவர்களை நான் எப்படிக் கேட்பது?"

"அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பன்றியின் கடைக்குட்டி காலையில் ஏரிக்குக் கிளம்பினான். இன்னும் காணவில்லை."

மான் யானையின் பக்கம் திரும்பியது. "அண்ணா, நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள்?"

"நானா? பாட்டைக் கேட்டுக்கொண்டே பாறைத்தடத்தில் வந்தேன். பழகின கால் அம்மா, வேறு வழியில் போகாது."

"நானும் அப்படித்தான்" என்று முனகியது கரடி.

மைனா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பாட்டு வரும் நேர்வழிக்கு மேலே பறந்தது. யானையும் மானும் பின்னால் ஓடின. பனி மெல்லக் கலைந்தது. கீழே பச்சைப் புல்வெளி போல ஒன்று தெரிந்தது. அது புல்வெளி இல்லை, புதைசேறு.

நடுவில் ஒரு சின்னத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பன்றிக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"குயில் அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கால்தான் வரமாட்டேன் என்கிறது" என்றான்.

யானை துதிக்கையை நீட்டி அவனை வெளியே இழுத்தது. பக்கத்தில் இன்னும் சில காலடித் தடங்கள் சேற்றுக்குள் இறங்கியிருந்தன, திரும்பி வரவில்லை. அவை யாருடையவை என்று கேட்க மைனாவுக்கு வாய் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் குயில் அழுதது.

மறுநாள் பாறைத்தடத்தை யாரும் அடைக்கவில்லை; குயில் அதன் மேலிருந்து பாடியது. மான்குட்டி பாட்டைப் பிடித்துக்கொண்டு, பனிக்குள் தத்தித் தத்தி நடந்து, ஏரியில் வாய் வைத்தது.

"பத்திரமாக வந்தாயா?" என்று கேட்க அன்று கரையில் மைனா இல்லை. அது புதைசேற்றின் மேல் தாழப் பறந்து, காணாமல் போனவர்களை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நீதி: வந்து சேர்ந்தவர்களை மட்டும் கேட்டு ஒரு வழியை நல்ல வழி என்று சொல்லாதே, வராமல் போனவர்களையும் தேடிப் போய்ப் பார்.