ஓலைக்கு அடங்காத ஊர்

முன்னொரு காலத்தில், ஓலையில் எழுதிவிட்டால் ஊரில் நடந்துவிட்டதாகவே அரசர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கீர்த்திவளவன் என்றொரு மகாராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். இல்லாதவர்களுக்குக் கொடுப்பதென்றால் கை தாராளமாக நீளும். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மட்டும் கால் நீளாது. வெளியே போனால் வெயில் படும், வியர்க்கும், அதெல்லாம் அவருக்கு ஆகாது.

நாட்டின் மேற்கே மேட்டுச்சீமை என்று ஒரு வறண்ட பகுதி. அங்கே கள்ளியும் வேலமும் தவிர வேறொன்றும் தானாக வளர்வதில்லை. அந்தச் சீமையை எப்படியாவது முன்னேற்றிவிட வேண்டுமென்று மகாராஜா ஏழு வருடம் கஜானாவிலிருந்து வண்டி வண்டியாகப் பொன் அனுப்பினார். பொறுப்பு முழுவதும் மந்திரி வித்தகராயர் கையில் இருந்தது. அந்த ஏழு வருடத்தில் தலைநகரில் ராயருக்கு மூன்று மாளிகைகள் எழும்பின. மேட்டுச்சீமையில் என்ன எழும்பியது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எட்டாம் வருடம் சித்திரை மாதம், ராயர் சபையில் எழுந்து நின்று ஓர் ஓலையை வாசித்தார். ஏழு மதகுகள் கொண்ட ஏரி, நாற்பது கிணறுகள், சந்தைப்பேட்டை, தறிக்கூடம், இருபுறமும் மரம் நிற்கும் ராஜபாட்டை என்று ஓலை நீண்டுகொண்டே போனது. கேட்கக் கேட்க மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே அரச இலச்சினையை எடுத்து ஓலையில் அழுத்தினார். அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஒரு யோசனையும் வந்து தொலைத்தது.

"சீமைதான் செழித்துவிட்டதே, இனி உதவி எதற்கு? ஆடி பிறந்ததும் மேட்டுச்சீமை மக்கள் செழிப்பு வரி செலுத்தட்டும். செலுத்தாதவர்கள் நிலத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறட்டும்!" என்றார்.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவன் பெயர் உலகளந்தான். பெயர்தான் அப்படி, ஆள் நாலரை அடி. மகாராஜாவை நாள் தவறாமல் சிரிக்க வைப்பது அவன் வேலை. அவனைக் கண்டாலே வித்தகராயருக்கு வயிறு எரியும். மகாராஜா சிரிக்கும்போதெல்லாம் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று ராயருக்கு ஒரு சந்தேகம். பல நாள் அது உண்மையும்கூட.

பத்து நாள் கழித்து உலகளந்தானின் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மேட்டுச்சீமையில் கரட்டூர் என்ற ஊர். பாவாயி என்று பெயர். ஊரின் நூற்றிருபது வீடுகளுக்கும் சேர்த்து வாய் திறந்து பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஐந்து நாள் நடந்தே வந்திருந்தாள்.

"சாமி, ஏரி கட்டியாச்சுன்னு வரி கேக்கறாங்க. அந்த ஏரி எங்கீங்க இருக்குது? எங்களுக்குக் கல்லு மட்டுந்தானுங்க வந்துச்சு."

"கல்லா? என்ன கல்?"

"'இங்கு ஏழு மதகு ஏரி'ன்னு எழுதி, கீழே மந்திரி பேரு போட்ட கல்லுங்க. நட்டுவெச்சு, மாலை போட்டு, தேங்கா உடைச்சுட்டுப் போயிட்டாங்க. அதுல நான் ஆட்டைக் கட்டி வெச்சிருக்கறேன். சந்தைக்கு ஒரு கல்லு, தறிக்கூடத்துக்கு ஒரு கல்லு, கெணத்துக்கு நாப்பது கல்லு. கல்லுக்கு மட்டும் எங்க சீமையில பஞ்சமே இல்லீங்க."

உலகளந்தான் வாய்விட்டுச் சிரித்தான். பாவாயி சிரிக்கவில்லை.

"ஆடிக்குள்ள வரி கட்டலீன்னா நூத்தியிருவது வீடும் காலி பண்ணோணும்னு சொல்லீட்டாங்க. புள்ளை குட்டியக் கூட்டிக்கிட்டு நாங்க எங்கீங்க போறது?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஊரையெல்லாம் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது. நேரே போய் 'ஓலை பொய்' என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கும் ஒரு தடை இருந்தது. அரச இலச்சினை பதிந்த ஓலையைப் பொய்யென்று சொன்னவன் யாராயிருந்தாலும் நாடு கடத்தப்படுவான் என்பது மகாராஜாவின் பாட்டனார் காலத்துச் சட்டம். ஓலை எழுதியவன் மாட்டாமல் அதைப் படித்தவன் மாட்டிக்கொள்வதற்கென்றே செய்த சட்டம் போலிருந்தது.

பாவாயி வந்துபோன செய்தி அன்றே ராயரின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் சபை கூடியதும் அவர் தேன் ஒழுகப் பேசினார்.

"அரசே, மேட்டுச்சீமையிலிருந்து நம் விகடகவியின் இல்லத்திற்கு விருந்தாளி வந்ததாகக் கேள்விப்பட்டேன். அடியேன் சமர்ப்பித்த ஓலை மெய்யா, பொய்யா என்பதை அவரே இந்தச் சபையில் திருவாய் மலர்ந்தருள வேண்டும்."

உலகளந்தான் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"பொய்யா! அந்த வார்த்தையைக் கேட்டாலே பாவம். அரசே, அந்த ஓலையில் ஓர் எழுத்தையும் அடியேன் சந்தேகிக்கவில்லை. எனக்குள்ள வருத்தமெல்லாம் வேறு. ஏழு மதகு ஏரி ஒன்று ததும்பிக்கொண்டிருக்க, மாமன்னர் இந்தக் கோடையில் அரண்மனைக் குளத்தில் முழங்கால் நனைத்துக்கொண்டு அவதிப்படலாமா?"

மகாராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம்! நாம் ஏன் அங்கே போகவில்லை? நாளையே புறப்படுவோம்!"

ராயரின் முகத்தில் ஈயாடவில்லை. "வேண்டாம் அரசே, பாதை மிகவும் கரடுமுரடு."

உலகளந்தான் மகாராஜாவின் பக்கத்திலிருந்த ஓலையை எடுத்துப் பிரித்தான். "'பல்லக்கில் உறங்கிக்கொண்டே செல்லத்தக்க ராஜபாட்டை.' இது தங்கள் கையெழுத்துத்தானே மந்திரியாரே?"

"வழியில் கள்வர் பயம்..."

"'தனியே செல்லும் பெண்டிருக்கும் அச்சமில்லை.' அடுத்த வரியிலேயே இருக்கிறது."

"எனக்கே சில நாளாக உடல்நலம் சரியில்லை."

"அப்படியானால் தாங்கள் அவசியம் வர வேண்டும். 'தீராத நோயும் தீரும் மருத்துவசாலை' என்று எழுதியிருக்கிறீர்களே!"

மறுநாள் பட்டத்து யானையோடு பரிவாரம் புறப்பட்டது. மேட்டுச்சீமையின் எல்லை வந்ததும் உலகளந்தான் தண்ணீர் வண்டிகளை மறித்து நின்றான்.

"அரசே, ஏரிக்குப் போகிறவர்கள் தண்ணீர் சுமந்துகொண்டு போனால் நாற்பது கிணறுகளும் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா? அரச இலச்சினையை அரசரே நம்பவில்லை என்று ஆகிவிடுமே."

"நியாயம்தான். ஒரு குடம்கூட வேண்டாம்" என்றார் மகாராஜா. ராயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொன்னால் ஓலையைப் பொய்யென்று சொன்னதாகும். வாயை மூடிக்கொண்டார்.

எல்லை தாண்டி ஒரு நாழிகையில் பாதையே காணாமல் போனது. பல்லக்குத் தூக்கிகள் தடுமாற, மகாராஜாவின் தலை பல்லக்கில் நாலைந்து முறை நங்கென்று இடித்தது. கடைசியில் இறங்கி நடந்தார். பிறந்ததிலிருந்து அவர் வெறும் தரையில் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். உச்சி வெயில் சுட்டெரித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஏரி வந்துவிட்டதா?" என்று பத்தடிக்கு ஒரு முறை கேட்டார்.

"வந்துவிட்டது அரசே" என்றான் உலகளந்தான்.

எதிரே வெடித்துக் கிடக்கும் வெட்டவெளி. நடுவில் ஒரு கல். 'இங்கு ஏழு மதகு ஏரி' என்று அதில் அழகாகச் செதுக்கியிருந்தது. கல்லில் கட்டியிருந்த வெள்ளாடு ஒன்று மகாராஜாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கியது. தாகத்தில் இருந்த பட்டத்து யானை துதிக்கையால் கல்லைச் சுற்றிலும் தடவிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்காத கோபத்தில் புழுதியை வாரி வீசியது. பாதி அதன் முதுகிலும் மீதி ராயரின் பட்டு அங்கவஸ்திரத்திலும் விழுந்தது.

கூடியிருந்த ஊர்மக்களை விலக்கிக்கொண்டு பாவாயி ஒரு செம்பு தண்ணீருடன் வந்தாள். மகாராஜா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொண்டு வா" என்றார்.

"அவ்வளவுதானுங்க சாமி. இன்னிக்கு எங்கூட்டுக்கு இருந்தது அதுதானுங்க."

காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மகாராஜா அப்படியே நின்றார். இத்தனை வருடம் அரியணையில் இருந்தும் இப்படி வெட்கப்பட்டதில்லை. வெட்கம் கோபமாக மாறியது.

"வித்தகராயரே! எங்கே ஐயா ஏரி?"

ராயரின் பட்டில்தான் புழுதி படிந்திருந்தது. மூளையில் படியவில்லை. "அரசே, ஓலையில் உள்ள இலச்சினை தங்களுடையது. ஓலை பொய்யென்று தாங்களே சொன்னால்... பாட்டனார் சட்டம்..." என்று இழுத்து நிறுத்தினார்.

வாளை உருவப் போன மகாராஜா கையை எடுத்துக்கொண்டார். பார்க்காமல் முத்திரை அழுத்தியவர் அவர். ஓலை பொய்யென்றால் அவரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். மெய்யென்றால் ஊர் வரி கட்டியே ஆக வேண்டும், நூற்றிருபது வீடுகள் தெருவுக்கு வரும். ஊர் முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவாயி ஆட்டின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உலகளந்தான் முன்னால் வந்து கும்பிட்டான்.

"அரசே, அரச இலச்சினை பதிந்த ஓலை பொய்யாகாது. ஆகவே குற்றம் ஊருடையது. ஏரி இருக்கிறது என்று ஓலை சொல்கிறது. இந்த ஊரோ துணிந்து வெறும் தரையாகக் கிடக்கிறது! நாற்பது கிணறு என்று ஓலை ஆணையிட்டும், அதில் ஒன்றைக்கூடக் காட்டாமல் அடம்பிடிக்கிறது. இது ராஜத்துரோகம்."

ராயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம், ஆமாம்! ஓலைதான் சரி! ஊர்தான் தவறு!" என்று அவசரமாகத் தலையாட்டினார்.

"மந்திரியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்" என்றான் உலகளந்தான். "இனி இந்த ஊரைத் திருத்தி ஓலைக்கு அடங்க வைக்க வேண்டியதுதான். ஏரி எங்கே, மதகு எங்கே, கிணறு எங்கே என்று ஓலை எழுதியவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் இங்கேயே தங்கட்டும். கடைசி வரிவரை ஊர் ஓலையைப் போல ஆனபிறகு தலைநகர் திரும்பட்டும்."

மகாராஜாவின் மீசை துடிக்கத் தொடங்கியது.

"செ... செலவுக்கு?" என்றார் ராயர்.

"'வேலைக்கு வேண்டிய பொன் முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே. இன்னொரு காசு கஜானாவில் கேட்டால் அந்த வரியைப் பொய்யென்று தாங்களே சொன்னதாகிவிடும். அப்படிச் சொன்னவருக்கு என்ன தண்டனை என்று தங்களுக்கே தெரியும்."

"வரி?" என்றார் மகாராஜா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஓலைக்கு அடங்காத ஊரிடம் ஓலையைக் காட்டி எப்படி வரி கேட்பது அரசே? முதலில் அடங்கட்டும்."

அவ்வளவுதான். மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். அந்த வெட்டவெளி முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. "அப்படியே ஆகட்டும்! முதல் வேலையாக மந்திரியார் பட்டத்து யானைக்குத் தண்ணீர் சுமந்து வரட்டும்!" என்று ஆணையிட்டார். ஊரின் ஒரே கிணறு அரைக் காதம் தள்ளி இருந்தது. யானைக்கோ அன்றைக்கு நல்ல தாகம்.

ராயரின் மூன்று மாளிகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விலைக்குப் போயின. முதல் மாளிகை ஏரிக்கரையாயிற்று. இரண்டாவது, கிணறும் ராஜபாட்டையும் ஆயிற்று. மூன்றாவது விற்ற பணத்தில் சந்தையும் தறியும் மருத்துவசாலையும் வந்தன. ஊர்மக்களுக்கு அன்றாடம் கூலி கிடைத்தது. காலி பண்ண வேண்டியிருந்த நூற்றிருபது வீடுகள் நூற்றைம்பது ஆயின. ஓலையில் வாய் போன போக்கில் எழுதிவைத்த ஒவ்வொரு வரியையும் ராயர் தலையில் அடித்துக்கொண்டே கட்டி முடித்தார்.

இரண்டு மழைக்காலம் கழித்து மகாராஜா மறுபடி வந்தார். பல்லக்கில் உண்மையாகவே உறங்கிக்கொண்டு வந்தார். ஏரி கடலாக விரிந்து கிடந்தது. ஆசை தீர நீந்திக் குளித்துவிட்டுக் கரையேறியபோது, வெயிலில் கறுத்து இளைத்த ஒருவர் மண்வெட்டியோடு நின்று கும்பிட்டார். ராயர் என்று அடையாளம் தெரியவே சற்று நேரம் பிடித்தது.

"மந்திரி அய்யா இப்பல்லாம் நல்லா மண்ணு வெட்டறாருங்க" என்று பாவாயி பெருமையாகச் சொன்னாள்.

மகாராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகளந்தானுக்குப் போட்டார். அவன் உயரத்துக்கு அது முழங்காலைத் தொட்டது. "இது போதாது. இன்னும் என்ன வேண்டுமோ கேள், தருகிறோம்" என்றார்.

உலகளந்தான் கைகட்டி நின்றான்.

"அரசே, கிழக்குச் சீமையும் பல காலமாக வறண்டுதான் கிடக்கிறது. நம் மந்திரியார் அந்தச் சீமைக்கும் ஓர் ஓலை எழுத வேண்டும். இதே கைவண்ணத்தில், எதையும் குறைக்காமல் எழுத வேண்டும். அடியேனுக்கு அது ஒன்றே போதும்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் ஏரிக்கரையில் இறங்கியிருந்த கொக்குகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. எழுத்தாணி கொண்டுவரச் சொல்லி, அவரே அதை ராயரிடம் நீட்டினார். வித்தகராயர் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார்.

"அரசே, மண்வெட்டி பிடித்துப் பிடித்து, அடியேனுக்கு எழுத்தே மறந்துபோய்விட்டது!"