தணிகாசலம் பாடிய பாட்டு

மழைக்காலம் வந்துவிட்டால், கரடுமுரடான பாதையில் ஜீப் ஓட்டக் கற்றுத்தரும் உமையாள் ஆசானுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சீடர்களையும் ஜீப்புகளையும் கூட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மலைச்சாலைகளைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி சேற்றில் சிக்கினாலும் அவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடினால்தான் மற்றவர்கள் கயிறு கட்டி இழுப்பார்கள்.

சீடர்களில் ஸ்டெல்லா பாடாத பயணமே கிடையாது. ஆனால் சிவப்புக் கொடி கட்டிய முதல் வண்டி எப்போதும் அவளுடையதுதான். அடுத்து வரும் தணிகாசலம் இத்தனை வருடத்தில் ஒரு வரிகூடப் பாடியதில்லை. அதில் அவருக்குப் பெருமை பிடிபடாது. ஆசானைவிட வயதில் மூத்தவர் வேறு.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஆசான், போற இடமெல்லாம் சிக்கிக்கிற பொண்ணுக்கு முதல் வண்டி. சிக்காத எனக்கு ரெண்டாவது. இது என்ன நியாயம்?"

"முதல் வண்டிதான் வேணுமா, சார்?"

"ஒரே ஒரு தடவை."

"இப்பவே கொடியைக் கட்டிக்கங்க."

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரன் அடித்தபடி முன்னால் போனார்.

வளைவு திரும்பியதும் பாதை முழுக்கச் செம்மண் குழம்பு. ஒரு டயர் தடம்கூட இல்லை. எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு இடப்பக்கம் ஒடித்தார். வண்டி அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது.

பின்னால் வந்த ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். வலது ஓரமாக ஏறி, சேறு தெறிக்க மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"பாட்டு! பாட்டு!" என்று எல்லோரும் மழையில் இறங்கிக் குதித்தார்கள்.

தணிகாசலம் சுதியே சேராமல் ஒரு தாலாட்டுப் பாடினார். கூட்டம் பானெட்டில் தாளம் போட்டது. கயிறு இழுத்ததில் பாதிப்பேர் சேற்றில் விழுந்தார்கள். கடைசியில் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

மேட்டுக்கு வந்ததும் கொடியை அவிழ்த்து ஆசானிடம் நீட்டினார்.

"இதுக்கு நான் லாயக்கில்ல, ஆசான். நான் சிக்கின இடத்துல ஸ்டெல்லா சிக்காம வந்துட்டா பாருங்க!"

உமையாள் கொடியை வாங்கி, திரும்பவும் அவர் வண்டியிலேயே கட்டினார்.

"அவளுக்கு முன்னாடி நீங்க போனீங்களே, சார்."