பதினோரு புளியங்கொட்டை

பதினோரு பேர் சாட்சி சொன்னார்கள். பதினொன்றும் ஒரே சாட்சி, அச்சு மாறாமல். ஆனால் அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அது எப்படி? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

வெள்ளைக்குளம் பள்ளியில் செண்பகவல்லி ஒன்பதாம் வகுப்பு. அறுபத்தொன்றாம் வருஷம் ஊர்க்குளம் உடைந்து ஒன்பது பேர் செத்ததை மாவட்ட வரலாற்றுப் போட்டிக்கு எழுதியிருந்தாள். 'தூக்கம் ஊரை மூழ்கடித்தது' என்று தலைப்பு. மடைக்காவல் பேச்சிமுத்து தூங்கிவிட்டார், மதகைத் திறக்கவில்லை, கரை உடைந்தது. அவ்வளவுதான் சங்கதி.

போட்டிக்குப் போக இரண்டு மணிக்கு வேன். அன்றே கடைசி நாள். வரலாற்று ஆசிரியர் சவரிமுத்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை எடுக்கவில்லை.

"எத்தனை ஆதாரம்?"

"பதினொண்ணு சார். நாலு இணையதளம், மூணு பத்திரிகை, ரெண்டு புத்தகம், பள்ளி ஆண்டுமலர், கோயில் கொடைவிழா மலர்."

பல்லாங்குழி டப்பாவிலிருந்து பதினோரு புளியங்கொட்டைகளை எண்ணி மேசையில் வைத்தார்.

"இவங்கதான் உன் சாட்சிங்க. யாருக்கு யார் சொன்னதுன்னு பாரு. அடுத்தவர் சொல்லிக் கேட்டவரைத் தூக்கி டப்பாவில போடு."

"வேன் போயிரும் சார்."

"அப்போ வெரசாப் பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு தாள்களைப் புரட்டினாள். இணையதளங்கள் நாலும் பத்திரிகையைப் பார்த்து எழுதியவை. நாலு கொட்டை விழுந்தன. பத்திரிகைகள் புத்தகங்களைக் கைகாட்டின. மூன்று விழுந்தன. எல்லாவற்றிலும் அந்த ஒரே வரி: தூக்கம் ஊரை மூழ்கடித்தது. அவள் கை மெதுவாயிற்று. புத்தகங்களும் ஆண்டுமலரும் கொடைமலரைக் காட்டின.

மேசையில் ஒரு கொட்டை மிஞ்சியது.

"இது யாரு?"

"கொடைமலர்ல எழுதின எங்க கொள்ளுத்தாத்தா, சார்."

குளம் உடைவதற்கு முந்தின வருஷம் அந்தக் கரையைக் கட்டிய காண்டிராக்டர் அவர்தான். வீட்டு நடுக்கூடத்தில் மாலை போட்ட படமாக இருக்கிறார்.

"அவர் எழுதினதுல முதல் வரியை வாசி."

"'குளம் உடைந்த தினத்தில் யான் மதுரையில் இருந்தேன். ஊர் திரும்பியபின் அறிந்தது யாதெனில்...'"

அவள் குரல் நின்றது. கடைசிக் கொட்டையை அவளே எடுத்து டப்பாவில் போட்டாள்.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது.

"பேச்சிமுத்து வீட்டுல கேட்டியா?"

"அவங்க ஆளை அவங்க விட்டுக்குடுப்பாங்களா சார்?"

"உங்க ஆளை நீ?"

பேச்சிமுத்துவின் கொள்ளுப்பேத்தி ராசாத்தி அவள் வகுப்புதான். மழை பெய்தால் பையன்கள் கேட்பார்கள், "என்ன ராசாத்தி, உங்க வீட்டுல எல்லாரும் முழிச்சிருக்கீங்களா?" போன வாரம்கூடக் கேட்டார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள்.

"அவங்க வீட்டுப் படி ஏறினா எங்கப்பா என்னைத் தொலைச்சிருவாரு சார். ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கையெழுத்துப் போடுங்க."

சார் போட்டார். கட்டுரையை அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

ஹார்ன் மறுபடி அடித்தது.

"நான் என்ன சார் செய்ய?"

"குளம் உடைஞ்ச அன்னைக்கு பேச்சிமுத்துவுக்குக் கரைமேல சோறு கொண்டுபோனது அவர் மகன். இப்ப எழுபத்தாறு வயசு. ராசாத்தியோட தாத்தா. உன் பதினோரு பேர்ல ஒருத்தர்கூட அவர்கிட்ட போய்க் கேட்கலை."

இரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. செண்பகவல்லி அதில் ஏறவில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ராசாத்தி வீட்டுக்குப் போனாள்.