மலைத்தேறலுக்கு ஒரு பாட்டு

“பாட்டு அகப்படமாட்டேங்குது, ஆசானே.”

வந்ததும் வராததுமாகச் சேந்தன் இதைத்தான் சொன்னான். உட்காரக்கூட இல்லை.

கொற்றி கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதுக்குப் பாட்டு?”

“மலைத்தேறலுக்கு.”

சேந்தனுடைய வேலை கொஞ்சம் விசித்திரமான வேலை. ராஜாவின் விருந்தில் எந்த மதுவுக்கு எந்தப் பாட்டு என்று அவன்தான் சொல்ல வேண்டும். கப்பலில் வந்த திராட்சை மதுவா, யாழை மெல்ல மீட்டச் சொல்வான். விடிகாலைப் பனங்கள்ளா, பறையைக் கூப்பிடு என்பான். அவன் பாட்டைச் சொல்லி, அந்தப் பாட்டு எழும்பினால்தான் சபையில் யாரும் கிண்ணத்தை வாயில் வைக்கலாம். ராஜாவுக்கும் அதே கதிதான்.

இந்தத் தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் கொற்றி. வயதில் அவனுக்கு இளையவள். அரண்மனையில் இருந்த காலத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. திடீரென்று ஒரு நாள் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே வந்து கோழி வளர்க்க ஆரம்பித்துவிட்டாள். ஏன் என்று கேட்டு வந்தவர்களை எல்லாம் ஆளுக்கொரு முட்டை கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டுச் சொல்கிறவன் மதுவை விழுங்கக்கூடாது. வாயில் ஊற்றி, நாக்கில் உருட்டி, காதைத் தீட்டிக்கொண்டு, துப்பிவிட வேண்டும். போதை ஏறினவன் பேச்சை யார் மதிப்பார்கள்? துப்புவதற்கென்று ராஜாவே ஒரு வெண்கலப் படிக்கம் கொடுப்பார். பதவிக்கு அதுதான் அடையாளம். சேந்தன் எங்கே போனாலும் கக்கத்தில் படிக்கம் இருக்கும்.

கொற்றியின் படிக்கத்தில் இப்போது கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கச் சேந்தனுக்குச் சகிக்கவில்லை.

“என்னென்ன பாட்டு வச்சுப் பாத்தீர்?”

“வெற்றிப் பாட்டு அத்தனையும். ராஜா அந்த மலையைப் பிடிச்சுட்டு வந்திருக்காரு. அங்கே எடுத்த தேறல் இது. நாளைக்கு மத்தியானம் விருந்து. தேறலைக் குடிச்சுக்கிட்டே ஊர் முழுக்க வெற்றிப் பாட்டுப் பாடணுமாம். முரசு வச்சேன், சங்கு வச்சேன், கொம்பு வச்சேன். தேறல் வாயில இருக்கிறப்ப எல்லாமே காதைக் கிழிக்குது.”

“பொருந்தலைன்னு போய்ச் சொல்லும்.”

“சொன்னேன். பொருந்தலைன்னா பொருந்துற மாதிரி நாக்கை வெட்டிச் சரி பண்ணிடலாம்னாரு.”

கொற்றி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?”

“சிரிச்சுக்கிட்டுத்தான்.”

“அப்போ செய்வாரு.”

அது சேந்தனுக்கும் தெரியும். தெரிந்ததை இன்னொருத்தர் வாயால் கேட்கிறபோதுதான் பயம் முழுசாக வருகிறது.

“தேறல் கொண்டாந்திருக்கீரா?”

இடுப்பில் கட்டியிருந்த சின்னக் குடுவையை அவிழ்த்தான். காலையில் அரண்மனைச் சரக்கறையில் ஊற்றிக்கொடுத்தது.

“ருசி பாத்துச் சொல்லும்.”

சேந்தன் ஒரு மடக்கு வாயில் விட்டான். கண்ணை மூடினான். உருட்டினான். படிக்கத்தில் பொளிச்சென்று துப்பினான். பிறகு மந்திரம் ஓதுகிற மாதிரி ஆரம்பித்தான்.

“முதல்ல கொம்புத்தேன். அப்புறம் பிஞ்சு மூங்கிலோட பச்சை. நடுவுல பலாச்சுளை கணக்கா ஒரு கனிவு. கடைசியில மெல்லிசா ஒரு புகை. அந்தப் புகைதான் ஆசானே அழகு. இத்தனை வருஷத்துல எந்த மலைத்தேறல்லயும் இந்த வாசத்தை நான் பாத்ததில்லை. நாளைக்கு வர்றவங்க இதைத்தான் கொண்டாடப் போறாங்க.”

சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் சொன்னான். பயத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டான்.

“தேறல் எப்படிச் செய்வாங்க?” என்றாள் கொற்றி.

தொழிலில் சேர்ந்த முதல் நாள் கேட்கிற கேள்வி. சேந்தனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“மலையில பொம்பளைங்க தேனை ஊற வச்சு, மூங்கில் குழாயில அடைச்சு, ஓடைக்கரை ஈரமண்ணுல புதைப்பாங்க. அவங்க வீட்டு வாசலுக்கும் ஓடைக்கும் நடுவுல. எனக்குத் தெரியாதா?”

“அடுப்புல ஏத்துவாங்களா?”

“நல்லாக் கேட்டீங்க. தீயை அண்ட விடமாட்டாங்க.”

“ம்.”

அவ்வளவுதான். கொற்றி மறுபடியும் கோழிகளிடம் போய்விட்டாள். தவிட்டைப் பிசைந்தாள். நொண்டிக்கோழி ஒன்றைத் தனியாக ஒதுக்கி அதற்கு முதலில் வைத்தாள். சேந்தன் நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

“ஆசானே, பாட்டு?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவனுடைய படிக்கத்தை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“பாட்டை இதுக்குள்ள துப்பிட்டு, என்கிட்ட வந்து கேக்கீரே, ஓய்.”

சேந்தனுக்கு வந்ததே ஆத்திரம்.

“துப்பணும்னு கத்துக்கொடுத்ததே நீங்கதானே.”

“ஆமா.”

“இப்போ?”

“இப்போ கோழி வளக்கேன்.”

அவன் படிக்கத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். கும்பிடுகூடப் போடாமல் கிளம்பினான். உயிர் போகிற அவசரத்தில் வந்தவனிடம் விளையாட்டா காட்டுவது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனான். முட்டைகூடக் கொடுக்கவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மறுநாள் மத்தியானம். சபை நிறைந்து வழிந்தது. ராஜா நடுவில் இருந்தார். எல்லார் முன்னாலும் கிண்ணம் இருந்தது. முரசுக்காரன் கோலை ஓங்கிக்கொண்டு சேந்தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பணியாள் ஒரு மூங்கில் குழாயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான். நேற்றுவரை குடுவையில் வந்தது. இன்று விருந்து என்பதால் குழாயாகவே வந்திருக்கிறது. துடைத்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றியிருந்தார்கள்.

சேந்தன் பூவை விலக்கி அடைப்பைத் திறந்தான். கிண்ணத்தில் சாய்த்தான். குழாயைக் கீழே வைத்தபோது விரலெல்லாம் கறுப்பாக இருந்தது.

மஞ்சளுக்கு அடியில் குழாய் ஒரு பக்கம் முழுக்கக் கரிந்திருந்தது.

ஈரமண்ணுக்குள் புதைத்த குழாய். மண்ணுக்கு உள்ளே கிடந்ததே கரிந்திருக்கிறது என்றால், மண்ணுக்கு மேலே?

வீட்டு வாசலுக்கும் ஓடைக்கும் நடுவில்.

அந்தப் புகைதான் அழகு என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவனுக்குத் தன் நாக்கை நினைத்தே கூச்சமாக இருந்தது. இதைப் போய் வாசம் பார்த்தோமே, ரசித்தோமே.

கிண்ணத்தை எடுத்தான். முழுவதையும் வாயில் ஊற்றிக்கொண்டான்.

பணியாள் படிக்கத்தை நீட்டினான். சேந்தன் புறங்கையால் அதைத் தள்ளினான்.

விழுங்கினான்.

வாழ்நாளில் முதல் தடவை. தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் இறங்கியது அவனுக்குத் தெரிந்தது. சபையில் கசமுசாவென்று பேச்சு எழுந்து அடங்கியது.

“என்ன சேந்தா, தொழில் மறந்துபோச்சா?” என்றார் ராஜா.

“இல்லை மகாராஜா. பாட்டு கிடைச்சிருச்சு.”

“அப்படிச் சொல்லு. எந்தப் பாட்டு?”

“ஒப்பாரி.”

முரசுக்காரனின் கோல் மெல்ல இறங்கியது.

ராஜா முன்னால் சாய்ந்தார்.

“எங்கே, பாடு பாப்போம்.”

“எனக்குத் தெரியாதுங்க. இதைப் புதைச்சு வச்ச பொம்பளைங்களுக்குத்தான் தெரியும். அவங்களை வரச் சொல்லுங்க. அவங்க பாடட்டும். அதுவரைக்கும் இந்தச் சபையில ஒருத்தரும் கிண்ணத்தைத் தொடக்கூடாது. அது முறை.”

“அவங்க வரமாட்டாங்க.”

“அது உங்களுக்குத்தான் தெரியும், மகாராஜா.”

ஓரத்தில் யாரோ கிண்ணத்தைத் தள்ளி வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

ராஜா சிரித்தார். சேந்தனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“பாவம், போதையில பேசுறான்” என்றார் ராஜா, சிரித்துக்கொண்டே. “படிக்கத்தை அவன்கிட்டப் பிடி. வாயில இருக்கிறதைத் துப்பிட்டு, வேற பாட்டு சொல்லட்டும்.”

படிக்கம் அவன் மோவாய்க்கு நேராக வந்து நின்றது.

சேந்தன் வாயை நன்றாகத் திறந்து காட்டினான்.

“வாயில ஒண்ணுமில்லை, மகாராஜா. விழுங்கிட்டேன்.”