ஏஐ போட்ட கல்யாண மேடை

சங்கரன்கோவில் பக்கம் கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்யும் தங்கப்பழத்துக்கு, வாயில் மட்டும் வருசம் முச்சூடும் முகூர்த்த நாள்தான். போன தையில் ஒரு டேப்லெட் வேறு வாங்கிவிட்டார். நாரில் கட்டிய பூவெல்லாம் போதாதென்று, ஏஐயிடம் சொல்லிப் படத்திலேயே பூக்க வைக்க ஆரம்பித்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அன்று அரிசி ஆலை சிதம்பரபாண்டி வீட்டுக்குப் போனார். ஆலைக்காரரின் ஒரே மகளுக்குக் கல்யாணம். மேடை வேலை தனக்குக் கிடைக்காவிட்டால் தொழில் போட்டிக்கு வந்த மதுரைக்காரனுக்குப் போய்விடும். ஏற்கெனவே பெரிய பெரிய கல்யாணங்களை அவனிடம் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் தங்கப்பழத்துக்கு இன்னும் அடங்கவில்லை.

"இது சாதாரணப் படம் இல்ல அண்ணாச்சி," என்று காப்பி வரும் முன்பே ஆரம்பித்தார். "ஒரு பிச்சிக்கொடி வரஞ்சேன் பாத்துக்கிடுங்க. வாசம் தெருமுனை வரைக்கும் போயி, பஸ்சுக்கு நின்ன பொம்பளைக எல்லாம் முழம் என்ன வெலைன்னு கேட்டு வந்துட்டாக."

சிதம்பரபாண்டி அசரவில்லை. "ஊதுபத்தி கொளுத்தியிருப்பீரு."

"ஊதுபத்திக்குத் தேனீ வருமா? தாமரையை வரஞ்சு டிவியில போட்டேன். ரெண்டே நாள்ல டிவிக்குப் பின்னால கூடு கட்டிட்டு. புழிஞ்சா ஒரு போணி நெறையத் தேனு!"

"ருசி எப்பிடி?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள், சிதம்பரபாண்டியின் மனைவி. அந்த வீட்டில் எந்த வேலைக்கு யாரை வைப்பது என்று முடிவு செய்வது அவள்தான். அது தங்கப்பழத்துக்கும் நன்றாகத் தெரியும்.

"தேன் நல்ல தேன்தான் மதினி. நாக்குல வச்சா லேசா கரண்ட் அடிக்கும், அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கிட்டு நக்கணும்."

ஆவுடையம்மாள் "ம்" என்றாள். அந்த 'ம்' போதாதா? தங்கப்பழம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"செவந்தியை பேனர் அடிச்சு மண்டபத்து வாசல்ல கட்டுனேன். மூணாம் நாள் வாடிப் போச்சு."

"படம் வாடுமாவே?"

"நானும் பதறிட்டேன் அண்ணாச்சி! தண்ணி தெளிச்சேன். உசுரு வந்து, சட்டத்தைத் தாண்டி மொட்டு விட்டுட்டு. வெதை கீழ விழுந்து, இப்ப அந்தச் சுவரோரமா குட்டிக் குட்டியா போஸ்டர் மொளச்சுக் கெடக்கு. களை எடுக்க ஆள் விட்டிருக்கேன்."

சிதம்பரபாண்டிக்குக் காப்பி புரையேறியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் தங்கப்பழம் பிழைத்திருப்பார். ஆனால் ஆள் சிரித்துவிட்டால் அவருக்கு நாக்கு நிற்காது.

"பூவு என்ன பூவு, மனசையே வரையும்! புளியங்குடியில ஒரு பொண்ணு போட்டோவைக் காட்டுனேன். மேடை, தோரணம் எல்லாம் சரியா வந்துச்சு. மாப்பிள்ளை நாற்காலியில மட்டும் எதுத்த வீட்டுப் பையனை உக்காத்தி வச்சிட்டு. பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவனுக்கே கட்டி வச்சாக. போன வாரம் அந்தப் பிள்ளைக்கு வளைகாப்பு, அலங்காரம் நம்மதுதான்."

ஆவுடையம்மாள் மகளின் படத்தை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. எங்க பிள்ளைக்கு என்ன மேடை வருதுன்னு பாப்போம்."

தங்கப்பழம் அதைப் படம் பிடித்து ஏற்றி, 'பெரிய இடத்துக் கல்யாணம், வெளிநாட்டு அலங்காரம்' என்று கூடுதலாகவும் ஒரு வார்த்தை போட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

படம் வந்தது. மேடை அழகென்றால் அப்படி ஓர் அழகு. மேலே ரோஜாப் பந்தல், கீழே மல்லிகைக் கம்பளம். நடுவில் இரண்டு தங்க நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் வெள்ளைப் பூவில் வட்டமாக ஒரு மலர்வளையம் சாத்தி, குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. சாவு வீட்டில் கட்சிக்காரர்கள் வரிசையில் நின்று ஐஸ் பெட்டி மேல் வைப்பார்களே, அச்சு அசல் அதேதான்.

தங்கப்பழம் ஒரு ரிப்பனைக் கட்டைவிரலால் மறைத்தார். "வெளிநாட்டுல இதைத்தான் மதினி வாசக்கதவுலயே மாட்டுதாக," என்றார். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

ஆவுடையம்மாள் கோபப்படவில்லை. காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. கல்யாணத்துக்கு நாங்க மதுரைக்காரரையே சொல்லிக்கிடுதோம். இவுக போற அன்னைக்குச் சொல்லி அனுப்புதேன், அப்ப இதையே கொண்டாந்துருங்க."

சிதம்பரபாண்டி படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"அதுக்கு இப்பமே அட்வான்ஸ் குடுத்துராத, ஆவுட," என்றார்.