பெயர் தெரியாத மாத்திரை

"மாத்திரை போடாம எப்படிக்கா நிக்கிறது?" என்று கேட்டேன்.

ஹெப்சிபா அக்கா எங்கள் மில் விடுதிக்கு ஞாயிறுதோறும் சுகாதார வகுப்பு எடுக்க வருவார். வலிக்கு என்று பெயர் தெரியாத மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது, அதுதான் அன்றைய பாடம். படம் போட்ட அட்டை வேறு. வயிறு புண்ணாகுமாம்.

அது எங்களுக்குத் தெரியாதா?

போன மாதம் பக்கத்துக் கட்டில் முனீஸ்வரி ரத்தமாக வாந்தி எடுத்தாள். அன்றைக்கே பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் பத்து நாளாக வயிறு எரிகிறது.

வலித்தால் சொல்லிவிட்டு உட்காரலாமே என்றார் அக்கா. நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம்.

"நான் உட்கார்ந்தா என் மெஷினை நீங்களா பார்ப்பீங்க?"

அக்கா அட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதான் இவங்க என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்டில் வந்து நின்றார், தலையில் துணி கட்டிக்கொண்டு. ஒரு நாள் வேலை செய்து பார்க்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டாராம். அந்த ஆளுக்கு ஒரே சிரிப்பு. என் மெஷினுக்கு அடுத்ததில் விட்டான்.

நூல் அறும். ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டுத் திரும்பினால் அந்தக் கோடியில் அறுந்திருக்கும். எட்டு மணி நேரமும் இதுதான். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது.

முதலில் அக்கா ஓடினார். அப்புறம் நடந்தார். பதினொரு மணிக்கு மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலை எப்படி வைப்பது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். மேடத்துக்கு வகுப்பு நடக்குதா என்று கேட்டுவிட்டுப் போனான் சூப்பர்வைசர்.

எனக்கு அன்றைக்கு மாதவிலக்கில் இரண்டாம் நாள். அடிவயிறு பிடித்து இழுத்தது.

பன்னிரண்டு மணிக்கு சூப்பர்வைசர் வழக்கம்போல வந்தான். சட்டைப் பையில் உதிரி மாத்திரை. என் கையில் ஒன்று வைத்தான்.

அக்கா தானாகவே கையை நீட்டினார்.

அங்கேயும் ஒன்று வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

எனக்குக் கோபம் வந்தது.

"இதோட பேர் என்னக்கா?"

அக்கா உள்ளங்கையைப் பார்த்தார். தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

பிறகு என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ போடாதே. சுவரோரமா போய் உட்காரு. ரெண்டு மெஷினையும் நான் பார்க்கிறேன்."