வெள்ளிக்கிழமைப் பின்னல்

தீர்ப்புச் சொல்ல யாருக்குத்தான் ஆசை இல்லை? இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களும் ஒன்று சொல்லுங்கள். அவசரம் மட்டும் வேண்டாம். அவசரப்பட்டவர்கள் கதைக்குள்ளேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

திருச்சியில் சமூகப்பணி முதுகலை படித்த பெண்கள் அவர்கள்: நஸீமா, தமிழரசி, பெனிட்டா. அந்தப் படிப்பில் பாதி வகுப்பறையில், மீதி வெளியில். புதனும் வெள்ளியும் களப்பணி. ஊருக்கு வெளியே இருந்த பெண் குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு மூவரையும் அனுப்பினார்கள். பேராசிரியை முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார்: "ஏப்ரலோட நீங்க கிளம்பிருவீங்க. அத இன்னைக்கே பிள்ளைங்ககிட்ட சொல்லிருங்க. கடைசி நாள்ல போயி முழிக்காதீங்க." மூவரும் தலையாட்டினார்கள். வகுப்பறையில் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

காப்பகத்தில் மாரிக்கண்ணு என்று ஏழு வயதுக் குழந்தை. கொண்டுவந்து விட்ட அன்று அவள் அம்மா தலைசீவி இறுக்கப் பின்னிவிட்டு, "வெள்ளிக்கெழம வந்துருவேன். அம்மாதான் மறுபடி பின்னி விடுவேன். அதுவரைக்கும் யாரையும் அவுக்க விடாத" என்று சொல்லிப் போனாள். எந்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வேறொருவரோடு வாழப் போனவள், இனிப் பிள்ளையை வளர்க்க முடியாது என்று குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லிவிட்டாள். அதைக் குழந்தையிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மாரிக்கண்ணு வெள்ளிதோறும் கேட் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னல் சிக்குப் பிடித்து நாறியது. யார் தொட்டாலும் அலறினாள்.

அந்தத் தலையில் முதலில் கை வைத்தவள் நஸீமா. எண்ணெய் தடவி, இழை இழையாகச் சிக்கெடுத்து முடிப்பதற்குள் பொங்கலே வந்துவிட்டது. தமிழரசி கறார்ப் பேர்வழி. பழகிய முதல் நாளிலேயே "அக்கா பரீட்சை வந்தா போயிருவேன், சரியா?" என்று சொல்லி, அதையே அடிக்கடி ஞாபகப்படுத்தினாள். பெனிட்டா கூடச் சேர்ந்து நொண்டி விளையாடினாள், வேண்டுமென்றே தோற்றாள். மாரிக்கண்ணு சிரிக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைகளில் கேட் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நஸீமாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லாமல் நழுவிவிட்டாள். தமிழரசி எதிரே உட்கார்ந்து, "இனிமே அக்கா வரமாட்டேன்டா" என்றாள். மாரிக்கண்ணு அவள் கையைப் பல் பதியக் கடித்தாள், அடித்தாள், மடியிலேயே விழுந்து அழுது ஓய்ந்தாள். பிள்ளையை அழ வைத்ததாகப் புகார் போய், தமிழரசிக்குக் களப்பணி மதிப்பெண் குறைந்தது. பெனிட்டா கிளம்பும்போது குழந்தை மறுபடி விசும்பியது. பார்க்கப் பொறுக்காமல் பெனிட்டா சொன்னாள்: "அழாத கண்ணு. அக்கா அடுத்த வெள்ளிக்கெழம வந்துருவேன்." அழுகை அப்படியே நின்றது. அப்பாடா என்று அவளும் பஸ் ஏறினாள்.

ஜூன் மாதம் காப்பகப் பொறுப்பாளர் சகாயராணி அம்மா பேராசிரியைக்குப் போன் செய்தார். "மத்த நாளெல்லாம் சமத்தா தலையக் காட்டுது மேடம். வெள்ளிக்கெழமன்னா சீப்பத் தட்டி விட்டுட்டு கேட்டுகிட்ட போயி உக்காந்துருது. சோறு தண்ணி கெடையாது. உங்க பொண்ணுங்கள்ல ஒருத்தர அனுப்புங்க. ஒரே ஒரு தடவதான். மூணு பேரும் வந்து மூணு தெசையில இழுக்க வேணாம்."

மூவரும் மல்லுக்கு நின்றார்கள்.

"சீப்பத் தட்டி விடுதுன்னா என் கையத்தான் தேடுதுன்னு அர்த்தம். நான்தான் போவேன்" என்றாள் நஸீமா.

"பொய் சொல்லாத ஆளு நான் ஒருத்திதான். நான் சொன்னாத்தான் நம்பும்" என்றாள் தமிழரசி. கடித்த தழும்பு இன்னும் மறையவில்லை.

பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள். "வரேன்னு சொன்னவ நான்டி. இந்த வெள்ளிக்கெழமயே போறேன். லேட்டானாலும் சொன்ன சொல்லக் காப்பாத்துனதா இருக்கும்ல?"

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் போக வேண்டும்? புதன், வெள்ளி இரண்டில் எந்தக் கிழமை போக வேண்டும்?

*

விடை: பெனிட்டா. ஆனால் புதன்கிழமை.

நஸீமாவின் கைக்கு ஏங்கியிருந்தால் குழந்தை எல்லா நாளும் சீப்பைத் தட்டியிருக்கும். தமிழரசியிடம் அது கடித்து, அழுது, அன்றே விடைபெற்றுவிட்டது. அவளுக்கு அங்கே பாக்கி வேலை இல்லை. குழந்தை விட்டிருந்த காத்திருப்பை, அம்மா சொன்ன அதே வார்த்தையைச் சொல்லித் திரும்பக் கிளப்பிவிட்டவள் பெனிட்டா. அவிழ்க்க வேண்டியவளும் அவள்தான். வெள்ளிக்கிழமை போய் நின்றால், வருகிறேன் என்றவர்கள் தாமதமானாலும் ஒரு வெள்ளிக்கிழமை வந்துவிடுவார்கள் என்று ஆகிவிடும். பிறகு மாரிக்கண்ணு அம்மாவுக்காக ஆயுசு முழுக்க அந்தக் கேட்டில் உட்காருவாள்.

பெனிட்டா புதன்கிழமைதான் போனாள். சகாயராணி அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு அக்கா சொன்னது பொய்டா. நான் வெள்ளிக்கெழம வரமாட்டேன்" என்றாள். கடிக்கட்டும் என்று கையையும் நீட்டினாள். மாரிக்கண்ணு கடிக்கவில்லை. "அப்ப எங்கம்மா சொன்னதும்?" என்று கேட்டாள்.

பெனிட்டா அதற்கும் உண்மையையே சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை மாரிக்கண்ணு கேட் பக்கம் போகவில்லையாம். தானே சீப்பை எடுத்து வந்து சகாயராணி அம்மாவிடம் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தாளாம். விடை சரியாகத்தான் வந்தது. எனக்குத்தான் அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.